அளவுக்கு வந்த மஞ்சள் கமீஸ்

அண்ணன் வக்காஸுக்கு நிச்சயம் நடந்த அன்று, வந்தவர்கள் எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். ஹதீக்கா மட்டும் பெண் போட்டிருந்த உடுப்பைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த உடுப்பு அவர்கள் வீட்டிலிருந்து போனது. அவள் அம்மி என்று கூப்பிடும் அம்மா குத்ஸியா கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. கத்தரிப்பூ நிறம், கழுத்திலிருந்து கணுக்கால்வரை அள்ளிக் கொட்டிய ஜரிகை, இன்னொரு பெண்ணும் தாராளமாக உள்ளே புகுந்துகொள்ளலாம் என்கிற அகலம். மணப்பெண் சும்புல் அதற்குள் எங்கேயோ இருந்தாள்.

பெண்ணின் பெரியம்மா ரிஃபத் காலா பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "யாரோ பழைய பெட்டியத் தொறந்துட்டாங்க போலருக்கே" என்றாள். இரண்டு பேரும் துப்பட்டாவுக்குள் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஹதீக்காவுக்கு அது தெளிவாகக் கேட்டது. அம்மியிடம் சொல்ல மனம் வரவில்லை. தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

ரமலான் வந்தது. நிச்சயித்த பெண்ணுக்கு முதல் பெருநாள் உடுப்பு மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் போக வேண்டும். கூடவே வளையல், மருதாணி, செருப்பு, மிட்டாய். இதற்கு ஈதி என்று பெயர். பெருநாளன்று மாப்பிள்ளை வீட்டார் பார்க்கப் போகும்போது பெண் அதையே உடுத்திக்கொண்டு வந்து நிற்க வேண்டும். நின்றால் சந்தோஷம். நிற்காவிட்டால், காய்ச்சலாக இருந்தாலும் கழுத்துச் சுளுக்காக இருந்தாலும், கராச்சி முழுவதும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இந்தத் தடவ நான் எடுக்குறேன் அம்மி" என்றாள் ஹதீக்கா.

"ஏன், போன தடவ நான் எடுத்ததுல என்ன கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. உங்களுக்குத்தான் கால் வலிக்குதே."

"கால் என்னோடது. அது வலிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

வக்காஸ் செருப்பை மாட்டிக்கொண்டே நடுவில் புகுந்தான். "அவளே எடுக்கட்டும் அம்மி. சொதப்பினா மொத்தப் பழியையும் அவ தலையில போட்டுடலாம். எனக்கும் வசதி."

குத்ஸியா மகளை மேலும் கீழும் பார்த்தாள். "சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. பெருநாளன்னிக்கு அந்தப் பொண்ணு நீ எடுத்தத உடுத்திக்கிட்டு என் முன்னாடி வந்து நின்னா, கல்யாண ஜோடாவும் உன் பொறுப்பு. நிக்கலன்னா, இனிமே இந்த வீட்ல துணி விஷயத்துல நீ வாயே தொறக்கக் கூடாது."

கல்யாண உடுப்பு கைக்கு வரும் என்பதில் பாதி ஆசைதான். மீதிப் பாதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹதீக்கா ஒற்றை அண்ணனோடு வளர்ந்தவள். புதுத் துணியைப் போட்டுக்கொண்டு போய் "எப்படி இருக்கு" என்று கேட்டால், "துணி மாதிரி இருக்கு" என்பான் அவன். கண்ணாடியை விட்டால் அவளுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. இப்போது வீட்டுக்கு ஒரு பெண் வரப் போகிறாள். அவளுக்குத் தன்னைப் பிடித்துப்போக வேண்டுமே என்று ஹதீக்கா தவித்தாள். இவர்கள் இரண்டு பேரில் ஒருவர் போன் எண் மற்றவரிடம் இருந்தது. அதில் இதுவரை நடந்த பேச்செல்லாம் ஒரு "ரமலான் முபாரக்", பதிலுக்கு ஒரு பிறைப் படம், அவ்வளவே.

அதனால் சும்புலின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்தப் பெண் சிவப்பு போட்டதே இல்லை. உடம்பைக் கீறுகிற வலைத் துணி பக்கமே போவதில்லை. காதில் எப்போதும் கடுகளவு தோடு. ஜரிகை இருந்தால் ஓரத்தில் மட்டும். கத்தரிப்பூ மூட்டையைப் பார்த்தபோது அவள் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைக்கவே ஹதீக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

மதிய லுஹர் தொழுகை முடிந்த கையோடு ஹைதரி மார்க்கெட்டுக்குப் போனாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நோன்பு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஒரு கடை முழுக்க துணி அடுக்கியிருப்பதைப் பார்த்தால் ஹதீக்காவுக்குத் தாகம் எடுக்காது. ஷராராவும் கராராவும் ஒவ்வொரு கல்யாணத்திலும் பார்த்துச் சலித்தாயிற்று. இந்த வருடம் ஊர் முழுக்க ஃபர்ஷி சல்வார் பேச்சாகவே இருந்தது. சல்வாரின் கால் அகல அகலமாகத் தரையில் புரளும். அதைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நடந்தால் வீட்டில் துடைப்பத்துக்கு வேலை இல்லை. மேலே இடுப்போடு நிற்கிற குட்டைக் குர்த்தி. கீழே அவ்வளவு கூத்து இருப்பதால் மேலே பிடித்தாற்போல் இருந்தால்தான் அழகு.

கடைக்காரர் ஒரு தங்க நிறத் துணியை விசிறி விரித்தார். "பாஜி, மொத்தக் கராச்சியும் இதத்தான் கேக்குது." கடைக்காரர்களுக்கு எல்லாப் பெண்களும் பாஜிதான், அக்காதான்.

"அப்ப எனக்கு வேண்டாம்."

"இது கல்யாண ஹால்ல தனியா ஜொலிக்கும்."

"அங்க ஏற்கெனவே லைட்டு போட்டிருப்பாங்க. அந்தப் பின்னாடி இருக்குறத எடுங்க. அதில்ல. அதுக்கும் கீழ."

அது பிஸ்தா பச்சை. கொஞ்சம் சொரசொரப்பும் நிறைய மினுமினுப்புமான பட்டு. மார்புப் பக்கம் மட்டும் வெள்ளி நூலில் பொடிப் பொடிப் பூக்கள். கையில் எடுத்தவுடன் ஹதீக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இதுதான். சந்தேகமே இல்லை. தன் பக்கம் இழுத்தாள். துணி வரவில்லை. மறுமுனையை ஒரு புர்கா அம்மாள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மொதல்லயே பாத்துட்டேன்" என்றாள் அந்த அம்மாள்.

"நான் மொதல்லயே கேட்டுட்டேன்."

"கடைசித் துண்டு பாஜி, ரெண்டு பேருக்கு வராது" என்றார் கடைக்காரர், தனக்கும் இந்தச் சண்டைக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல.

ஹதீக்கா குரலைத் தணித்தாள். "எங்க அண்ணனுக்கு நிச்சயமாயிருக்கு ஆன்ட்டி. அந்தப் பொண்ணுக்கு மொத ஈதி."

அந்த அம்மாளின் பிடி தளர்ந்தது. "மொத ஈதியா? அப்ப எடுத்துக்கம்மா. எனக்கு மொத ஈதிக்கு என் மாமியார் அனுப்புனது இன்னிக்கும் கண்ணுக்குள்ள நிக்குது. தேன் கலர். பெட்ஷீட் மாதிரி இருந்துச்சு. பெருநாளெல்லாம் அழுதேன்." சொல்லிவிட்டு வேறொரு துணியோடு சண்டைக்குப் போய்விட்டாள்.

அடுத்தது அளவு. பெண்ணின் அம்மா நாஹீத் ஆன்ட்டிக்கு குத்ஸியா போன் போட்டு ஓர் அளவு கமீஸ் அனுப்பச் சொன்னாள். மறுநாளே வந்தது. எலுமிச்சை மஞ்சளில், மடிப்புக் கலையாமல், அத்தர் மணக்க, மெல்லிய தாளில் சுற்றி.

"பாத்தியா, அளவு கமீஸக்கூட எவ்வளவு நேர்த்தியா அனுப்பியிருக்காங்க. நல்ல குடும்பம்" என்று குத்ஸியா மெச்சிக்கொண்டாள்.

ஹதீக்கா அங்கேயே யோசித்திருக்க வேண்டும். உடம்புக்குச் சரியாக உட்காருகிற கமீஸ் எந்த வீட்டில் புதிதாக இருக்கிறது? துவைத்துத் துவைத்து நிறம் போய், அக்குளில் ஒட்டுப் போட்டு, விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற ஒன்றுதான் எல்லோருக்கும் கச்சிதமாக இருக்கும். ஆனால் பிஸ்தா பச்சை கிடைத்த மயக்கத்தில் இருப்பவளுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

தையல்காரர் ஷகூர் மாஸ்டர் கடை வாசலில் "பெருநாள் ஆர்டர் முடிந்தது" என்று பலகை தொங்கவிட்டிருந்தார். ஹதீக்கா பலகையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எழுத்து தெரியும்ல உனக்கு?" என்றார் மாஸ்டர், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தெரியும் மாஸ்டர். முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, எதிர்க்கடைக்குப் போயிடறேன்."

"போ. தாராளமா போ." அதற்குள் கண் துணிமேல் விழுந்துவிட்டது. "நில்லு. அது என்ன துணி? இங்க கொண்டா." விரலால் தடவிப் பார்த்தார். "எதிர்க்கடைக்காரன்கிட்ட இதக் குடுத்தா உனக்கும் பாவம், எனக்கும் பாவம். வெச்சிட்டுப் போ."

ஹதீக்கா சொல்லச் சொல்ல மாஸ்டர் சாக்கட்டியால் கிறுக்கினார். முன்பக்கம் கழுத்திலிருந்து கீழ்வரை நெருக்கமாகக் குட்டிக் குட்டி பட்டன், திறக்க அல்ல, அழகுக்கு மட்டும். கைகள் தொளதொளவென்று. உடம்பு மஞ்சள் கமீஸ் அளவுக்கு நூல் பிசகாமல்.

தைத்து வந்ததை அவர் தூக்கிக் காட்டியபோது ஹதீக்கா கடையிலேயே கைதட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் விரித்துப் போட்டு, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். இப்படியே தானே உடுத்திக்கொண்டு ஓடிவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குத்ஸியாவும் வந்து நின்று பார்த்தாள். வாயைத் திறந்து பாராட்டவில்லை. ஆனால் பட்டன்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அம்மியிடமிருந்து அது பெரிய விஷயம்.

நாஹீத் ஆன்ட்டி வீட்டில் இஃப்தாருக்கு அழைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் எல்லாவற்றையும் அடுக்கி, பளபளக்கும் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி எடுத்துக்கொண்டு அம்மியும் மகளும் போனார்கள். வாசலில் சும்புல் ஹதீக்காவைக் கட்டி அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பிலேயே ஹதீக்காவின் கைகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிச்சயத்தன்று கத்தரிப்பூ மூட்டைக்குள் தெரியாமல் போன சும்புல் நல்ல வாட்டசாட்டமான பெண். தோளும் மார்பும் அம்சமாக, நிறைவாக இருந்தாள். அந்த மஞ்சள் கமீஸுக்குள் இவள் போக வழியே இல்லை.

நோன்பு திறந்தார்கள். ஹதீக்கா ஒரே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தாம்பாளத்தைப் பிரித்ததும் வீடே கூடி நின்று வியந்தது. நாஹீத் ஆன்ட்டி பச்சைப் பட்டை மடியில் வைத்துத் தடவினாள். சும்புலின் கண் அதை விட்டு நகரவில்லை. பிடித்திருக்கிறது. அதுதான் கொடுமை.

பிறகு குத்ஸியா பையிலிருந்து மஞ்சள் கமீஸை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க நாஹீத், உங்க அளவு கமீஸ்."

அந்த நேரம் பார்த்து சும்புலின் தங்கை தூபா சமோசாத் தட்டோடு வந்தாள். கல்லூரி போகிறவள், ஒல்லிக்குச்சி. "என் மஞ்சள் கமீஸ் இங்கயா போச்சு? நான் வீடு பூரா தேடிட்டேன் அம்மி, பீரோவையே நகத்திட்டேன்."

நாஹீத் கமீஸை வாங்கி அவசரமாகத் துப்பட்டாவுக்குள் தள்ளினாள்.

"தூபா, போய் சர்பத் கொண்டா" என்றாள் நாஹீத்.

"ஜக் நெறைய இருக்கே."

"இன்னொரு ஜக் கொண்டா."

குத்ஸியா தட்டைப் பார்த்துக்கொண்டு, "பக்கோடா நல்லா மொறுமொறுன்னு இருக்கு" என்றாள்.

"கடலமாவுல கொஞ்சம் அரிசிமாவு சேர்த்தேன்" என்றாள் நாஹீத். அதோடு இரண்டு அம்மாக்களும் அரிசிமாவைப் பிடித்துக்கொண்டு, ரிக்‌ஷா வரும்வரை விடவேயில்லை.

ரிக்‌ஷாவில் ஹதீக்கா அம்மியின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். குத்ஸியா வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். தூபா சொன்னது அவளுக்குக் காதில் விழுந்ததா, விழுந்தும் விழாததுபோல் இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயம். விஷயம் வெளியே வந்தால் நாஹீத் ஆன்ட்டி பொய் அளவு அனுப்பினாள் என்று ஆகிவிடும். வராவிட்டால் சும்புல் பெருநாளன்று எதை உடுத்துவாள்? ஈதியைத் திரும்ப வாங்கிப் பிரித்துத் தைக்கிற வழக்கமும் உலகத்தில் இல்லை. ஷகூர் மாஸ்டரிடம் போனால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் அம்மிக்குச் செய்தி போய்விடும். ஹதீக்கா போனை எடுத்து "பாஜி" என்று எழுதுவாள், அழிப்பாள். உங்களுக்கு உடுப்பு சிறியதாக இருக்கிறதா என்று ஒரு பெண்ணிடம் எப்படிக் கேட்பது?

கடைசியில் சும்புலே எழுதினாள். "நாளைக்கு மதியம் வீட்டுக்கு வர முடியுமா? அம்மி தூங்குற நேரம்."

வளையல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹதீக்கா பறந்தாள். தூபா கதவைத் திறந்து, உதட்டில் விரலை வைத்து, உள்ளறைக்கு இழுத்துப் போனாள். அங்கே நடுவில் பிஸ்தா பச்சைக் குர்த்தியிலிருந்து இரண்டு கைகள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. தலை வெளியே வரவில்லை.

"சும்புல் பாஜி?"

"உள்ளதான் இருக்கேன்" என்றது துணிக்குள்ளிருந்து ஒரு குரல். "மேலயும் வரல, கீழயும் போகல. தூபாவ இழுக்கச் சொன்னா சிரிக்குறா."

மூன்று பேரும் சேர்ந்து ஒரு வழியாக அவளை வெளியே எடுத்தார்கள். தலை கலைந்து, முகம் சிவந்து, மூச்சு வாங்க நின்ற சும்புல் ஹதீக்காவைப் பார்த்துச் சிரித்தாள். நிச்சயத்தன்று பொம்மைபோல் உட்கார்ந்திருந்த பெண் இவள்தானா என்று ஹதீக்காவுக்குத் தோன்றியது.

"சல்வாருக்கு நாடாதான, அது ஏறிடுச்சு. கையும் பரவால்ல. இதுதான் தகராறு" என்று மார்பைத் தட்டினாள் சும்புல். "விடியக்கால ஸஹர் சாப்பாட்டுக்குப் பராட்டாவத் தொடாமப் பாத்தேன். பசிச்சதுதான் மிச்சம்."

"ஆன்ட்டி ஏன் உங்க கமீஸ அனுப்பல?"

"என்னோடதுல அக்குள்ள ஒட்டு. அதப் போய் மாப்ள வீட்டுக்கு அனுப்புனா மானம் போயிடும்னு அம்மி நெனச்சுட்டாங்க."

"இப்ப மானம் கொடிகட்டிப் பறக்குது" என்றாள் தூபா.

ஹதீக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. "நீங்க இத உடுத்தலன்னா அம்மி இனிமே என்ன எதையும் எடுக்க விடமாட்டாங்க. அதுகூடப் போகட்டும். உங்களுக்குப் பிடிக்கணும்னு ஊர் பூரா அலஞ்சேன் பாஜி."

"எனக்குப் பிடிக்கலன்னா இப்படிப் போய் மாட்டிக்கிட்டுச் சாவேனா?" சும்புல் குர்த்தியைத் தரையில் விரித்தாள். பட்டன் வரிசையின் பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். "இங்க வெட்டிட்டா? முன்பக்கம் திறந்தாப்ல, கோட் மாதிரி. உள்ள வேற ஒண்ணு போட்டுக்கலாம்."

ஹதீக்கா குர்த்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அது சரியான யோசனை என்பது உடனே தெரிந்ததுதான் காரணம். "வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது."

"தெரியும். நீங்க எடுத்தது, நீங்கதான் வெட்டணும்." கத்தரிக்கோலை நீட்டினாள் சும்புல்.

அந்த நேரத்தில் கரண்டும் போயிற்று. விசிறி நின்றதும் அறை அடுப்பாகக் கொதித்தது. ஜன்னல் திரையைத் தூபா தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹதீக்கா பிஸ்மில்லா சொல்லி, கழுத்தில் கத்தரியை வைத்தாள். முதல் வெட்டில் பட்டு கறுக்கென்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணத் தொறந்து வெட்டுங்க" என்றாள் தூபா. "அது எங்க அக்காவோட கல்யாணம்."

கீழ்முனைவரை வெட்டி முடித்தபோது மூன்று பேருமே மூச்சை அடக்கியிருந்தார்கள். சும்புல் அதை மேலே மாட்டிக்கொண்டாள். தோளில் சரியாக உட்கார்ந்து, முன்பக்கம் இரண்டு பக்கமும் விலகி அழகாக விழுந்தது. உள்ளே என்ன போடுவது என்பதில் அடுத்த கலவரம்.

"வெள்ள" என்றாள் ஹதீக்கா.

"பால்காரன் மாதிரி இருக்கும்." சும்புல் பீரோவைக் குடைந்து ஒரு வெளுத்த ரோஸ் நிறச் சட்டையை இழுத்தாள்.

"பிஸ்தாவுக்கு ரோஸா?"

"போட்டுப் பாக்காமயே மூஞ்சச் சுளிக்காதீங்க."

போட்டுப் பார்த்தார்கள். ஹதீக்கா சும்புலைச் சுற்றி ஒரு முறை வந்தாள். பட்டன் வரிசையோடு மூடியிருந்தபோது அது அழகான உடுப்பு. இப்போது அதைப் பார்த்தவர்கள் திரும்பி நின்று இன்னொரு தடவை பார்ப்பார்கள். தான் மட்டும் எடுத்ததைவிட இது நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஒப்புக்கொண்டாள்.

வெட்டிய ஓரத்தை மடித்துத் தைக்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் நாஹீத் ஆன்ட்டி எழுந்துவிட்டாள். "உள்ள என்னடி சத்தம்?" என்று கதவைத் தட்டினாள்.

"மருதாணி டிசைன் பாக்குறோம் அம்மி" என்றாள் சும்புல்.

ஹதீக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "இன்னொரு பக்கம்?"

"நான் தச்சுக்கறேன்."

"தைக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க கெளம்புங்க."

அதற்குமேல் எந்தச் செய்தியும் வரவில்லை. ஹதீக்கா கேட்டதற்குச் சும்புல் அனுப்பிய ஒரே பதில், விரலில் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு கையின் படம். தையல் முடிந்ததா, பட்டு பிய்ந்துபோனதா, பயந்து நாஹீத் ஆன்ட்டியிடம் சொல்லிவிட்டார்களா, ஒன்றும் தெரியாமல் ஹதீக்கா பிறை பார்த்தாள்.

பெருநாள் காலை வக்காஸ் ஈத்கா தொழுகைத் திடலிலிருந்து வந்து எல்லோரையும் மூன்று முறை தழுவிக்கொண்டான். பாலில் சேமியா போட்ட ஷீர் குர்மா குடித்தார்கள். ஹதீக்கா தான் என்ன உடுத்தினோம் என்பதுகூட நினைவில்லாமல் கிளம்பினாள். அவளுக்கு அது வாழ்க்கையில் முதல் தடவை.

நாஹீத் ஆன்ட்டி வீட்டுக் கூடத்தில், நடு சோபாவில், ரிஃபத் காலா உட்கார்ந்திருந்தாள். ஊர் உடுப்பையெல்லாம் எடைபோட வந்தவள்போல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டாள். பெருநாள் வாழ்த்துகள் முடிந்தன. ஷீர் குர்மா மறுபடியும் வந்தது. சும்புல் வரவில்லை. நாஹீத் ஆன்ட்டி உள்ளே போனாள், வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தாள். "வந்துக்கிட்டே இருக்கா" என்று மட்டும் சொன்னாள். குத்ஸியா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். ஹதீக்கா உள்ளறைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரை விலகியது. பிஸ்தா பச்சை முதலில் தரையோடு தரையாக வந்தது. அதற்கு மேலே சும்புல், நிமிர்ந்து, நிதானமாக. வெள்ளிப் பூக்கள் இரண்டு பக்கமும் விலகி விழ, நடுவில் வெளுத்த ரோஸ். கதவோரம் நின்ற வக்காஸ் சுவரில் இடித்துக்கொண்டான். ஹதீக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. உடுத்தியிருக்கிறாள். தான் எடுத்ததை உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள்.

ஆனால் அம்மியின் கண் முன்பக்கத்தில் நின்றது. அங்கே பட்டன் வரிசையோடு மூடியிருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு பட்டனையும் தொட்டுப் பார்த்தவள் அவள்.

"அம்மாடி" என்றாள் ரிஃபத் காலா. "இது யாரோட டிசைன் குத்ஸியா? டிஃபன்ஸ் ஏரியாவுல இருக்குற பெரிய கடைங்கள்லகூட நான் இத பாக்கலயே."

குத்ஸியா மகளைத் திரும்பிப் பார்த்தாள். நாஹீத் ஆன்ட்டி கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். ஹதீக்கா ஏதாவது ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிடலாம் என்று நாக்கைத் தயார் செய்தாள்.

"கடையில எடுத்தது இல்ல காலா" என்றாள் சும்புல். "நானும் ஹதீக்காவும் சேர்ந்து பண்ணது."

ஈதி உடுப்பில் பெண்ணே கைவைத்தாள் என்று எந்த வீட்டிலும் சொல்லமாட்டார்கள். அதுவும் மாப்பிள்ளை வீட்டாரை முன்னால் வைத்துக்கொண்டு. ரிஃபத் காலாவின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது. நாஹீத் ஆன்ட்டியின் முகத்தில் ரத்தம் இல்லை. சும்புல் மட்டும் ஹதீக்காவைப் பார்த்துக்கொண்டு, நகராமல் நின்றாள்.

குத்ஸியா எழுந்தாள். பெண்ணின் அருகில் போய், பட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தையல் நேராக இருந்தது. இன்னொரு பக்கம் குடித்தவன் நடந்ததுபோல் போயிருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய விரல்களையும் பார்த்தாள். பிறகு பெண்ணின் நெற்றியில் முத்தமிட்டு, நாஹீத் பக்கம் திரும்பினாள்.

"கல்யாண ஜோடாவுக்கு அளவு கமீஸ் அனுப்புற சிரமமெல்லாம் உங்களுக்கு வேண்டாம் நாஹீத். பொண்ணையே ஹதீக்காவோட கடைக்கு அனுப்பி வெச்சிடுங்க. ரெண்டும் சேர்ந்தே எடுக்கட்டும்."

நாஹீத் ஆன்ட்டி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். குத்ஸியாவும் சிரித்தாள். இரண்டு பேரும் தோளில் தோள் சாய்ந்து குலுங்கியதைப் பார்த்து, என்ன விஷயம் என்று புரியாத ரிஃபத் காலாவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள்.

சும்புல் சல்வாரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து ஹதீக்கா பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். "செவப்பு வேண்டாம், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் காதோரம்.

"கல்யாணத்துக்குச் செவப்பு இல்லாம எப்படி? நான் ஏற்கெனவே ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்."

"பாத்து வெச்சிருந்தா நீயே போட்டுக்க."

"போட்டுப் பாக்காமயே மூஞ்சச் சுளிக்காதன்னு யாரோ சொன்னாங்க."

"அது ரோஸுக்குச் சொன்னது. செவப்புக்குச் செல்லாது."

இருபத்தோரு வயதுவரை ஹதீக்காவோடு இப்படிச் சண்டை போட யாரும் இருந்ததில்லை. அவள் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு, துப்பட்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, சண்டைக்கு வசதியாகத் திரும்பி உட்கார்ந்தாள்.